அம்மா கொழுந்து பறித்த மலை

மணிமுத்தாறு அணை தாண்டி, சோதனைச்சாவடியில் பெயர் எழுதிக்கொடுத்து மேலே ஏறினால், சில வளைவுகளிலேயே காது அடைக்கும். திருநெல்வேலி வெயில் கீழேயே நின்றுவிடும். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று வரிசையாகத் தேயிலைச் சரிவுகள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் பாம்பே பர்மா கம்பெனி 99 வருடக் குத்தகைக்கு எடுத்த காடு இது.

செல்ஃபி எடுக்க வருபவர்கள் லயன் வீடுகளைக் கவனிப்பதில்லை. ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட வீடுகள் அவை. விடிந்ததும் இங்கிருந்து கொழுந்து பறிக்கப் போனது பெண்கள். மழையும் அட்டையும் அவர்களுக்குப் பழக்கம். 1999-ல் கூலி உயர்வு கேட்டுப் போராடியபோது பெண்களும் சிறைக்குப் போனார்கள். அந்த ஜூலை 23 அன்று தாமிரபரணிக் கரையில் நடந்த தடியடியில் 17 உயிர்கள் போயின. அதில் ஒரு பச்சைக் குழந்தையும் உண்டு.

இத்தனை துணிச்சல் இருந்தும், சாயங்காலம் அடுப்படி அம்மாவுக்குத்தான். கூடமாட உதவ மகளைத்தான் கூப்பிடுவார்கள். மகன் பந்து விளையாடப் போயிருப்பான்!

2024-ல் கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்தியது. பெரும்பாலான குடும்பங்கள் சமவெளிக்கு இறங்கின. லயனில் யார் யாரோடு பேசினாலும் பொழுது சாய்வதற்குள் அம்மா காதுக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டுச் சித்தியே கண்டித்துவிடுவார். ஊருக்குள் அப்படியில்லை. பதினாறு வயதுப் பிள்ளையின் உலகம் செல்போனுக்குள் இருக்கிறது.

"ஏட்டி, யாருகூட பேசுத?" என்று மகளிடம் கேட்பது பழைய வழக்கம். "ஏல, நீ யாருகூட பேசுத?" என்று மகனிடமும் அதே குரலில் கேட்பதுதான் புதுசு. அவன் சாப்பிட்ட தட்டை அவனே கழுவ வேண்டும் என்பதும்தான்.

அம்மாக்களின் கண்டிப்பைப் பழமை என்று தள்ளிவிட முடியாது. சாதி தாண்டிய காதலுக்கு அரிவாள் பதில் சொன்ன மாவட்டம் இது. அந்தப் பயத்தில் போனைப் பிடுங்கினால், பிள்ளை வேறு வழி தேடும். அடி விழாது என்று தெரிந்தால்தான், ஆபத்தை முதலில் வீட்டில் சொல்லும். ஒரு நாளில் வருகிற நம்பிக்கை இல்லை அது.

மேலே, கவாத்து வெட்ட ஆளில்லை. இடுப்பளவில் நிறுத்தி வைத்திருந்த தேயிலைச் செடிகள், விட்டால் மரமாகிவிடும். லயன் வாசல்களில் பூட்டு தொங்குகிறது.