வெள்ளிக்கிழமைப் பிறை

பிறைக்குக் கிழமை தெரியாது. அது நிலவின் கணக்கில் வருகிறது. வெள்ளி ஏழு நாள் சுற்றில் வருகிறது. இரண்டும் ஒரே நாளில் கூடினால், குஜராத்திலும் சிந்துவிலும் வேர்கொண்ட கோஜா இஸ்மாயிலி முஸ்லிம்கள் நோன்பு பிடிப்பார்கள். ‘சுக்ரவாரி பீஜ்’ என்று அதற்குப் பெயர். ஆண்டுக்குப் பன்னிரண்டு பிறை, வாரத்துக்கு ஏழு கிழமை. ஆகவே பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் அப்படி வாய்க்கும்.

நோன்பு இல்லாத மாதங்களிலும் சந்த்ராத் என்னும் பிறையிரவு உண்டு. அன்று தங்கள் தொழுகைக்கூடமான ஜமாத்கானாவில் கூடிப் பிழைபொறுக்க வேண்டிக்கொள்வார்கள். ஆண்டுப் பிறப்பில் எடுத்த உறுதி உடைந்தால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும்; பிறையை நம்பியவருக்கு அவ்வளவு நீண்ட தண்டனை இல்லை. இந்தக் கருணை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் பிறை பிறந்துவிட்டது என்று எப்போது சொல்வது? 969-இல் எகிப்தைக் கைப்பற்றிய, இஸ்மாயிலி அரசான ஃபாத்திமிகளின் தளபதி ஜவ்ஹர், இஸ்மாயிலி வழக்கப்படி கணக்கை வைத்தே ரமலானை முடித்துப் பெருநாள் தொழுதார். எகிப்தின் ஃபுஸ்தாத் நகரத்தாருக்கு அது பெருநாளே அல்ல. அவர்களுடைய நீதிபதியான காஜி அபூ தாஹிர், பழைய பள்ளிவாசலின் கூரையேறி வழக்கம்போல வானத்தைத் துழாவியிருந்தார். பிறை தென்படவில்லை. ஊர் மறுநாள்தான் தொழுதது. செய்தி எட்டியதும் ஜவ்ஹர் கண்டித்தார். அருகருகே ஒரு பக்கம் விருந்து, மறுபக்கம் பசி! மேற்கு வானம் இருட்டும்வரை கூரையில் நின்றிருக்கும் அந்தக் காஜியின்மேல் எனக்குத் தீராத பிரியம். கண்ணால் கண்டதற்கு மட்டுமே அவர் சாட்சி சொன்னார்.

இருந்தும், கணக்குக்காரர் பக்கமும் ஓர் உண்மை இருக்கிறது. யாரும் காணும் முன்பே நிலவு பிறந்துவிடுகிறது. ஃபாத்திமிகளின் சட்ட அறிஞர் காஜி அல்-நுஃமான், நோன்பின் உட்பொருள் உள்ளறிவை உரியவரல்லாதாரிடம் வெளியிடாமல் காப்பது என்று விளக்கினார். வயிற்றோடு வாயும் நோன்பிருக்கிறது. நிய்யத் என்னும் மன உறுதியும் அந்த நிலவைப் போலவே மறைவில் பிறந்து, பிறர் கண்ணில் படுமுன்பே நம்மை நடத்தத் தொடங்கிவிடுகிறது. உச்சிவேளைப் பசியில் அது தாக்குப்பிடிக்குமா என்பதுதான் சோதனை. பிடிக்காவிட்டாலும் மனம் உடைய வேண்டாம். அடுத்த பிறைக்கு முப்பது நாளுக்குமேல் ஆகாது.