தீவுக்குக் கிளம்பும் முன் ஒரு டீச்சர் பட்டியல்

 

1994-இல் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி சென்ற வாரம் போன் செய்தாள். இப்போது அவள் மகனே பத்தாவது படிக்கிறான். "டீச்சர், அரையாண்டு லீவுக்கு அந்தமான் போறோம். அம்மா, அப்பா, பிள்ளைங்க எல்லாம் சேர்த்து ஏழு பேர். நீங்க போன வருஷம் போயிட்டு வந்தீங்களே, என்னென்ன எடுத்துக்கணும்?" என்று கேட்டாள். அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. "எழுதி அனுப்புறேம்மா" என்று சொல்லிவிட்டேன். உங்களில் பலரும் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள்தானே, எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். டீச்சர் பாடம் என்றால் நாற்பத்தைந்து நிமிடம் என்று உங்களுக்குத் தெரியாதா!

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் எதையாவது மறந்துவிட்டால், "இரு, தெருமுனைக் கடையில வாங்கிட்டு வந்துடறேன்" என்போம். தீவில் அந்தப் பேச்சு செல்லாது. ஹேவ்லாக்கில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அதற்கு மேல் சிகிச்சை வேண்டுமானால் போர்ட் பிளேரில் உள்ள ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனைக்குத்தான் வரவேண்டும். இடையில் கடல். தனியார் படகில் சுமார் ஒன்றரை மணி நேரம், அரசுப் படகில் இரண்டரை மணி நேரம் வரை ஆகும். சாயங்காலத்துக்கு மேல் பயணிகள் படகு கிடையாது. ஆகவே வீட்டில் பத்து நிமிடத்தில் கிடைக்கும் எதுவும் அங்கே பத்து நிமிடத்தில் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு பையைக் கட்டுங்கள்.

மருந்தில் தொடங்குகிறேன். எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, எனக்கு ரத்தக்கொதிப்பு. எத்தனை நாள் பயணமோ அத்தனை நாளுக்கும், கூடவே ஐந்து நாளுக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டோம். முழுவதும் கைப்பையில்தான். பெட்டியில் ஒரு மாத்திரைகூடப் போடவில்லை. எங்களோடு விமானத்தில் வந்த ஒரு பெரியவரின் பெட்டி அன்றைக்கு வந்து சேரவில்லை. அவருடைய இன்சுலின் அந்தப் பெட்டிக்குள். அவர் மனைவி விமான நிலையத்தில் நின்ற நிலையைப் பார்க்கவே முடியவில்லை. நல்லவேளை, அது போர்ட் பிளேர். ஊருக்குள் மருந்துக்கடை இருந்தது, பிழைத்தார்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதற்கென விற்கும் குளிர்ப் பையில் வைத்துக் கையோடு கொண்டுபோங்கள். ஐஸ் கட்டி நேராக மருந்தில் படக்கூடாது. டாக்டர் சீட்டு போனில் இருந்தாலும் காகிதத்திலும் ஒன்று வேண்டும். போன் தண்ணீரில் விழும் ஊருக்குத்தானே போகிறோம்!

படகு ஆடும். வாந்தி வரும் என்று தெரிந்தவர்கள் டாக்டரைக் கேட்டு மாத்திரை வாங்கி, படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், பூரி மசாலாவை ஒரு கட்டு கட்டிவிட்டும் ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும். படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். போனைப் பார்த்தால் தலை சுற்றல் இரண்டு மடங்காகும். என் பேரனிடம் இதைச் சொன்னேன், கேட்கவில்லை. பிறகு கவரைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

துணிமணி விஷயத்தில் நம் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். சேலையோடும், சுடிதார் துப்பட்டாவோடும் கடலில் இறங்காதீர்கள். நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொண்டால், முழங்கால் ஆழத்திலேயே விழுந்து எழ முடியாது. முழுக்கை டீ-சர்ட்டும், காலோடு ஒட்டிய பேண்ட்டும் ஆளுக்கு இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் உலரும் துணியாக. நாத்தனார் முதலில் கூச்சப்பட்டார். இரண்டாம் நாள் அவரை கரையேற்றத்தான் ஆள் தேவைப்பட்டது! வெயிலுக்கும் அந்த முழுக்கைதான் காப்பு. சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல் வாங்கி, வெளியே போகச் சிறிது நேரம் முன்பே தடவி, இரண்டு மணிக்கொரு தரம் மறுபடி தடவவேண்டும். நமக்கெல்லாம் கருப்புத் தோல், ஒன்றும் ஆகாது என்பது சும்மா. என் தம்பிக்கு முதுகில் தோல் உரிந்து மூன்று நாள் சட்டை போட முடியவில்லை.

காலுக்குப் பின்பட்டை உள்ள ரப்பர் செருப்போ கடற்கரை ஷூவோ வேண்டும். பவளப்பாறை கத்தி மாதிரி கிழிக்கும். கிழித்தால் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து போட்டு, அன்றைக்குக் கடலில் இறங்காமல் இருங்கள். ஜெல்லி மீன் பட்டு எரிந்தால் தேய்க்காதீர்கள். கரையேறி, கடல் தண்ணீரிலேயே அலசிவிட்டு, லைஃப் கார்டிடமோ டாக்டரிடமோ காட்டுங்கள். மணலில் கண்ணுக்குத் தெரியாத மணல் ஈக்கள் கடிக்கும். சொறிந்தால் புண்ணாகும். விடிகாலையிலும் அந்தி நேரத்திலும் வெறும் மணலில் உட்காராமல், பாயோ தடித்த விரிப்போ போட்டுக்கொள்ளுங்கள்.

இனி கடல். இதைத்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

ராதாநகர் கடற்கரையில் ஒரு மாலை. என்னைப் பற்றித்தான் தெரியுமே, எனக்கு நீச்சல் தெரியாது. கரையில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்பையும் போனையும் காத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி வேறொரு குடும்பம். அந்த வீட்டு ஆண், நாற்பது வயதிருக்கும், இடுப்பளவு தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். லைஃப் கார்டு விசில் அடித்துக் கையைக் காட்டினான். இவரும் பதிலுக்குக் கையை ஆட்டினார். நான் பேத்தி பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி பார்ப்பதற்குள் அவர் தலை மட்டும் தெரிந்தது, ரொம்பத் தூரத்தில். அந்தப் பையன் மிதவையோடு நீந்திப்போய் இழுத்துவந்து மணலில் போட்டான். மூச்சு இருந்தது. அவர் மனைவிக்கு அழுகைகூட வரவில்லை. கையிலிருந்த துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

அந்த லைஃப் கார்டு அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். பிறகு அவனிடம் கேட்டேன். "அலை அடிக்காம அமைதியா இருக்கே, அந்த எடந்தாம்மா இழுக்கும். எல்லாரும் பயமில்லைன்னு அங்கதான் போய் நிப்பாங்க" என்றான். பாடம் நடத்தியவள் நான், ஆனால் இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. கரைக்கு வந்த அலைத் தண்ணீர் எல்லாம் திரும்பப் போக ஒரு வழி வேண்டுமல்லவா? அது ஆற்றுவாய்க்கால் மாதிரி ஒரு பாதையில் கடலுக்குள் ஓடும். அந்தப் பாதையில் அலை உடையாது, தண்ணீர் கொஞ்சம் கருமையாகத் தெரியும். அதில் மாட்டினால் கரையை நோக்கி நீந்திப் போராடக்கூடாது. நல்ல நீச்சல்காரனும் களைத்துவிடுவான். கையைத் தூக்கிக் காட்டி, மல்லாந்து மிதக்கவேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு விலகி, அப்புறம் கரைக்கு வரவேண்டும். நீச்சல் தெரியாதவர்களுக்கு முழங்கால்தான் எல்லை. யாராவது மாட்டினால் நீங்கள் குதிக்காதீர்கள். லைஃப் கார்டைக் கூப்பிடுங்கள், மிதக்கிற எதையாவது எறியுங்கள்.

இன்னொன்று: அங்கே இருட்டு சீக்கிரம் வரும். கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் தீவு கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் "ஆறு மணி வரை குளிக்கலாம்" என்று கணக்குப் போடாதீர்கள். டார்ச் லைட் ஒன்று பையில் இருக்கட்டும்.

முதலை எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் கால்கூட நனைக்காதீர்கள். உப்புநீர் முதலைகள் அங்கே நிஜமாகவே இருக்கின்றன. 2010-இல் ஹேவ்லாக்கில் கடலில் நீந்திக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண் முதலையால் இறந்தார். கழிமுகமும் அலையாத்திக் காடும் உள்ள இடங்களில் கூடுதல் கவனம். ஸ்கூபா போகிறவர்கள் ஆஸ்துமா, இதய நோய் எதையும் மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். கடைசியாக முங்கி எழுந்து 18 மணி நேரமாவது கழித்துத்தான் விமானம் ஏறலாம். அதனால் ஸ்கூபாவைப் பயணத்தின் ஆரம்பத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த டீச்சர் கடலென்றால் இவ்வளவு பயப்படுகிறாள் என்று சின்னப் பிள்ளைகள் கேட்கலாம். பெரியவர்களுக்குத் தெரியும். 26-12-2004 அன்று நான் நாகை மாவட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலை ஆறரை மணிக்கு சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்தது. முதலில் நிக்கோபாரையும் அந்தமானையும் அடித்த அதே கடல், இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து நம் கரைக்கு வந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் நமக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல அன்று ஏற்பாடும் இல்லை. நம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். ஜனவரியில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் வாசித்தேன். பதில் வராத பெயர்களுக்கு எதிரே என்ன எழுதுவது என்று தெரியாமல், அன்று முழுக்க அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டிருந்தேன்.

இப்போது ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. 2007 முதல் இயங்குகிறது. இருந்தாலும் பூகம்பம் பக்கத்தில் நிகழ்ந்தால் அந்தமான், நிக்கோபாருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். ஆகவே கடற்கரையில் இருக்கும்போது நிலம் பலமாகவோ வெகுநேரமோ ஆடினால், அல்லது கடல் திடீரென உள்வாங்கினால், அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஓடுங்கள். பெட்டி, போன் எதற்கும் திரும்பாதீர்கள். முதல் அலை வடிந்ததும் இறங்காதீர்கள். அலை ஒன்றோடு நிற்காது, அதிகாரிகள் சொன்ன பிறகுதான் இறங்கவேண்டும். விடுதிக்குப் போனதும் மேடான இடத்துக்கு எந்த வழி என்று கேட்டு, பிள்ளைகளை ஒருமுறை அந்த வழியில் நடத்திக் கூட்டிப் போங்கள். ஐந்து நிமிட வேலை.

பள்ளிச் சுற்றுலாவில் உங்களையெல்லாம் ஜோடி ஜோடியாகப் பிரித்து, விசில் அடித்து எண்ணுவேனே, ஞாபகம் இருக்கிறதா? அங்கேயும் அதையே செய்தேன். ஒன்பது பேர், நாலு ஜோடி, ஒன்பதாவது ஆள் நான். மருமகன் முதலில் சிரித்தார், பிறகு அவரே எண்ண ஆரம்பித்துவிட்டார். கழுத்தில் மாட்டும் விசில் ஒன்று இருபது, முப்பது ரூபாய்தான். அலைச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது, விசில் கேட்கும்.

சில்லறை விஷயங்கள் சில:

பெயர்கள் மாறிவிட்டன. 2018 முதல் ஹேவ்லாக் 'சுவராஜ் தீவு', நீல் தீவு 'ஷகீத் தீவு'. 2024 முதல் போர்ட் பிளேர் 'ஸ்ரீ விஜயபுரம்'. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் பதறவேண்டாம்.

அசல் ஆதார் அட்டை எல்லோருக்கும் வேண்டும். 2020-இல் சென்னையிலிருந்து கடலடி கேபிள் போட்ட பிறகு இணையம் பரவாயில்லை, ஆனாலும் எல்லா இடத்திலும் சிக்னல் இல்லை. ஜி-பேயை மட்டும் நம்பாமல் ரொக்கம் வையுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான், பெட்டியில் கூடாது.

ஊர் திரும்புவதற்கு முந்தின இரவே போர்ட் பிளேருக்கு வந்துவிடுங்கள். காற்று பலமாக இருந்தால் படகை ரத்து செய்வார்கள். விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது.

சிப்பி, பவளம் எதையும் பொறுக்கி வராதீர்கள். விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம். பாராடாங் போகும் வழியில் ஜாரவா மக்களின் காடு. வண்டியை நிறுத்துவதும், படம் எடுப்பதும், தின்பண்டம் வீசுவதும் குற்றம். அவர்கள் வீட்டு வழியாக நாம் போகிறோம், அவ்வளவுதான்.

அவசரத்துக்கு 112. கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல் படை 1554. இரண்டையும் காகிதத்தில் எழுதிப் பிள்ளைகள் பையிலும் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. குடும்பமாகப் போகும்போது எல்லோரும் ஆசைப்படுகிற நேரத்தில் ஒருவர் "வேண்டாம்" என்று சொல்லவேண்டி வரும். "காசு கொடுத்து வந்திருக்கோமே" என்பார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். வைத்துக்கொள்ளட்டும். யார் அந்த ஆள் என்று கிளம்பும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் சொன்னால் எதிர்ப்பேச்சு இல்லை என்றும் பேசிவிடுங்கள். எங்கள் குடும்பத்தில் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை!

பயந்துபோய் டிக்கெட்டை ரத்து செய்துவிடாதீர்கள், அம்மா. அந்த நீலத்தைப் பார்க்காமல் இருக்கக்கூடாது. போய் வாருங்கள். வந்ததும் எனக்குப் போன் செய்யவேண்டும், ஏழு பேரும் பேசவேண்டும். நான் எண்ணுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்