கருவியைத் திருக வேண்டா

தொலைக்காட்சிப் படங்கள் கறுப்பும் வெள்ளையுமாய் இருந்த காலத்தில், இங்கிலாந்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒளிபரப்பு நிலையத்தில் பழுது நேர்ந்து படம் மறையுமாயின், வீட்டில் இருப்போர் தம் பெட்டியே கெட்டது எனக் கருதி அதன் குமிழ்களைத் திருகத் தொடங்குவர். திருகத் திருக, நன்றாயிருந்த பெட்டியும் நிலைகெடும். ஆதலின் பிழை தம்முடையதே என்றும், கருவியைத் திருக வேண்டா என்றும் நிலையத்தார் அறிவிப்பர். அவ்வறிவிப்பையே பெயராகச் சூட்டிக்கொண்டு, 1967 டிசம்பரில் சிறுவர்க்கான நகைச்சுவைத் தொடர் ஒன்று இலண்டனில் தோன்றியது. பெயரிலேயே குறும்பு தொடங்கிவிட்டது!

தொடரை அமைத்தவர் ஹம்ப்ரி பார்க்லே. கேம்பிரிட்ஜில் பயின்ற எரிக் ஐடில், ஆக்ஸ்போர்டில் பயின்ற மைக்கேல் பேலின், டெர்ரி ஜோன்ஸ் ஆகிய இளைஞர் மூவர் எழுதினர். எழுதியதோடு நடிக்கவும் செய்தனர். டேவிட் ஜேசன், டெனிஸ் காஃபி என்னும் இருவரும் அவர்களோடு சேர்ந்து நடித்தனர்.

சிறுவர்க்கு எழுதுவோர் பலர் குனிந்து எழுதுவர். குரலை இழைத்து, சொல்லைக் குழைத்து, ஒன்றை மூன்று முறை விளக்குவர். இம்மூவரும் குனியவில்லை. தமக்கு எது நகைப்பூட்டியதோ அதனையே எழுதினர். ஒரு சிறு காட்சி தொடங்கும். அது முடியுமுன் மற்றொன்று குறுக்கிடும். பொருளற்றதுபோல் தோன்றும் பேச்சில் ஒரு பொருள் ஒளிந்திருக்கும். இடையே பான்சோ டாக் டூ-டா குழுவினர் விந்தையான பாடல்களை இசைப்பர். மழைக்கோட்டும் வட்டத் தொப்பியும் அணிந்த ‘கேப்டன் ஃபென்டாஸ்டிக்’ என்னும் வீரராக ஜேசன் வருவார். வீரம் உண்டு, திறமைதான் இல்லை! அவருக்குப் பகையாக வரும் கொடியவள் டெனிஸ் காஃபி. நகைப்புக்குரிய களங்களுள் இளமையையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். அது பிள்ளைமை கண்டு பிறர் நகைப்பது. இங்கோ பிள்ளைகளே நகைப்போர் ஆயினர்.

அவர்கள் மட்டுமா நகைத்தனர்? பள்ளி விட்ட மாலையில் ஒளிபரப்பாகிய இதனைக் காணப் பெரியோரும் பெட்டியின் முன் அமர்ந்தனர். அவர்களுள் ஜான் கிளீஸ், கிரகாம் சாப்மன் என்னும் நகைச்சுவை எழுத்தாளர் இருவரும் இருந்தனர். பின்னர்ப் படங்களை வெட்டி ஒட்டி அசையும் சித்திரங்கள் ஆக்கும் டெர்ரி கில்லியமும் தொடரில் சேர்ந்தார். 1969 மே மாதத்தில் தொடர் முடிந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே, எழுதிய மூவரும், கண்டு மகிழ்ந்த இருவரும், சித்திரக்காரரும் கூடி ‘மான்டி பைத்தன்’ என்னும் தொடரைத் தொடங்கினர். அதன் புகழ் கடல் கடந்து பரவியது.

முன்னதன் நிலையோ வேறு. அக்காலத்தில் பதிவு நாடாவின் விலை மிகுதி. ஒரு நிகழ்ச்சியை அழித்து, அதே நாடாவில் மற்றொன்றைப் பதிவது வழக்கம். பெரியோர்க்கான நாடகங்களே அவ்வாறு அழிந்தபோது, சிறுவர் வேடிக்கையைக் காக்க யார் முன்வருவர்? போதாக்குறைக்கு, தொடரைத் தொடங்கிய ரெடிஃப்யூஷன் நிறுவனம் 1968-இல் உரிமத்தை இழக்க, தேம்ஸ் என்னும் புதிய நிறுவனம் அதனைத் தொடர்ந்து நடத்தியது. பல பகுதிகள் மறைந்தே போயின.

எஞ்சியவற்றைப் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் 2019-இல் குறுந்தட்டுகளாக வெளியிட்டது. 1968-இல் பத்து வயதினராய் இருந்தோர் அப்போது அறுபதைக் கடந்திருந்தனர். தாம் அன்று வயிறு குலுங்கச் சிரித்த காட்சி அத்தட்டுகளில் உண்டா என்று அவர்கள் தேடலாயினர். கண்டவர் மீண்டும் சிரித்தனர். காணாதவர் அதனைத் தம் பேரப்பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிக் காட்ட வேண்டியதாயிற்று.