நிறுத்து

ஐப்பசி மாதத்தில் இடிமின்னலுக்கு அஞ்சிப் பிளக்கைப் பிடுங்கி வைக்காத வீடு பாறசாலைப் பக்கத்தில் அரிது. ஆகவே, எங்கள் மைக்ரோவேவ் அடுப்பு திடீரென இருண்டபோது நான் முதலில் ஐயுற்றது மின்னலைத்தான். அதே பிளக்கில் மேசை விளக்கைச் செருகினேன், எரிந்தது. குறை அடுப்புக்குள்ளேதான் என்று தெளிவாயிற்று.

அம்மாவுக்குக் கைநடுக்கம். எரிவாயு அடுப்பைத் தொட வேண்டாம் என்று நானே விலக்கியிருந்தேன். காலையில் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டால் இரவில்தான் திரும்புவேன். நண்பகல் கஞ்சியை அவர் சூடாக்கிக்கொள்ள அந்தப் பெட்டி ஒன்றே வழி.

மூடியைக் கழற்றத் திருப்புளியை எடுத்துவிட்டுப் பின் கைவிட்டேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கி ஏறத்தாழ 2000 வோல்ட் அளவுக்கு மின்னேற்றத்தை வைத்திருக்கக்கூடும். ஆய்வேட்டை முடிக்காமல் போய்ச்சேர எனக்கு மனமில்லை.

முதலில் வந்தவர் ஃபியூஸை மாற்றிவிட்டு ஐந்து நிமிடத்தில் சென்றார். நான்காம் நாள் பெட்டி மீண்டும் இருண்டது. அடுத்து, களியக்காவிளையிலிருந்து ஒரு முதியவர் வந்தார். "ஃபியூஸ் சும்மா போவாது சாரே. அம்மை கதவ எப்பிடித் தொறக்கா?" என்று கேட்டார்.

கதவுக்குப் பின்னே மூன்று சிறு சுவிட்சுகள் உள்ளன. கதவைத் திறந்ததும் முதல் இரண்டும் மின்சாரத்தைத் துண்டிக்கும். நிறுத்தாமலே ஓட்டத்தின் நடுவில் திறந்து பழகினால், ஒவ்வொரு முறையும் தெறிக்கும் பொறியில் முதல் சுவிட்சின் முனைகள் கருகி ஒட்டிக்கொள்ளும். சில வேளை விடும், சில வேளை விடாது. அது விடாதபோது மூன்றாவது சுவிட்ச் வேண்டுமென்றே குறுக்குச்சுற்றை உண்டாக்கி ஃபியூஸை எரித்துவிடும். திறந்த கதவோடு மேக்னெட்ரான் இயங்கி, நுண்ணலை ஆள்மீது பாயாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. பழுதென்று நான் நொந்துகொண்டது காவல்!

"நிறுத்தென்று எழுதி ஒட்டியிருக்கிறேனே அம்மா?"

"மக்களே, நீ எழுதினத எனக்கு வாசிக்கத் தெரியாதே."

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதன்பின் பள்ளிக்குச் சென்ற அம்மா மலையாள எழுத்தை மட்டுமே கற்றார். வீட்டில் தமிழ்தான்; ஆனால் அதற்கு எழுத்தில்லை. இதைப் பற்றி என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். அதே கையால்தான் பொத்தான்களுக்குத் தமிழ்ச் சீட்டு ஒட்டியிருந்தேன். படிக்க முடியவில்லை என்று சொன்னால் நான் வருந்துவேன் என எண்ணி, கஞ்சி பொங்கும் ஓசை கேட்டதும் அவர் கதவைத் திறந்துகொண்டிருந்திருக்கிறார். பெட்டி இருண்டு கிடந்த நாள்களில் ஆறிய கஞ்சியே குடித்திருக்கிறார்.

முதியவர் சுவிட்சையும் ஃபியூஸையும் மாற்றித் தந்தார். அன்றிரவு பழைய சீட்டுகளை உரித்துவிட்டு, மலையாள எழுத்தில் எழுதி ஒட்டினேன். கூட்டெழுத்தைத் தப்பாக வளைத்திருக்கிறேன் என்றார் அம்மா. அழித்து, மீண்டும் எழுதினேன்.