சபாக் பெர்ணம் முதல் கிள்ளான் வரை: ஒரு தட்டுச் சோற்றின் வழி

சிலாங்கூரின் வடமேற்குக் கரையை ஒட்டிச் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை, சபாக் பெர்ணமிலிருந்து கிள்ளான் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஒரு வேளைச் சாப்பாட்டின் மாவுச்சத்தும் புரதமும் கொழுப்பும் இந்தச் சாலையோரத்திலேயே கிடைக்கின்றன. வடக்கிலிருந்து தெற்கே வந்தால், உடல் அவற்றைச் செரிக்கத் தொடங்கும் வரிசையும் ஏறக்குறைய அதுவே.

சாலையின் தலைமாட்டில் பெர்ணம் ஆறு, அக்கரை பேராக். ஆற்று நீர் வாய்க்கால் வழியே தெங்கி ஆற்றில் சேர்ந்து, சுங்கை பெசார், சிகிஞ்சான், தஞ்சோங் காராங் பகுதிகளில் ஏறத்தாழ 20,000 ஹெக்டர் வயலுக்குப் பாய்கிறது. சதுப்புக் காட்டை வெட்டி 1930களில் தொடங்கிய திட்டம் இது. இன்று இருபோகம் விளைகிறது.

அரிசியின் செரிமானம் வாயிலேயே ஆரம்பம். உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியை வெட்டுகிறது. வெறுஞ்சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது அதனால்தான். இரைப்பையின் அமிலம் பட்டதும் நின்றுபோகும் அந்த வேலையைச் சிறுகுடலில் கணையநீர் முடித்துவைக்கிறது. சர்க்கரை இரத்தத்தில் சேர்கிறது. ஆனால் அதை எரித்து ஆற்றலாக்க தயமின் எனப்படும் பி1 வைட்டமின் வேண்டும். அது இருப்பது தவிட்டிலும் முளையிலும்; ஆலையில் தீட்டத் தீட்ட உதிர்ந்துவிடும். உடலின் கையிருப்போ சில வாரங்களுக்கு மேல் தாங்காது.

இந்தத் தயமின் குறை மலாயாவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் கால் வீங்கி, நரம்பு மரத்து, இதயம் ஓய்ந்து பெரிபெரி நோயால் மடிந்தார்கள். தோட்டத்துத் தமிழர்களை அந்த நோய் பெரும்பாலும் தொடவில்லை. அவர்களுடைய கூலியோ லயத்து வீடோ மேலானது என்று எவரும் சொல்ல முடியாது. தின்ற அரிசிதான் வேறு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் கணிசமான பகுதி நிற்கும். புழுங்கல் அரிசியின் சூட்சுமம் இவ்வளவுதான்.

மருத்துவர் லெனார்ட் பிராடன் இந்த வேறுபாட்டைக் கவனித்து, 1907இல் வெளியிட்ட நூலில் பச்சரிசியையே குற்றவாளியாக்கினார். அதில் நஞ்சு இருப்பதாக அவர் நினைத்தது மட்டும் தவறு. 1905இல் மருத்துவர் வில்லியம் பிளெச்சர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒன்றுக்குப் பச்சரிசியும் மற்றொன்றுக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் 18 பேர் இறந்தனர். இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காத சோதனை அது. அடுத்து பிரேசர், ஸ்டான்டன் என்ற ஆய்வாளர்கள் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களுக்கு அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்து, காரணம் அரிசியில்தான் என்று உறுதிசெய்தனர். 1926இல் ஜாவாவில் ஜேன்சன், டோனாத் என்ற ஆய்வாளர்கள் தவிட்டிலிருந்து தயமினையே படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். நெல் அவித்த பெண்கள் அதற்குப் பல நூற்றாண்டு முந்தியவர்கள்.

சிலாங்கூர் ஆற்றைக் கடந்தால் கோலசிலாங்கூர். அதற்குத் தெற்கே சேற்றுக் கரையில் ஜெராம். இங்கே மீனும் நண்டும் கெராங் சிப்பியும்தான் பேச்சு. புரதத்தை முதலில் எதிர்கொள்வது இரைப்பை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் புரதத்தின் மடிப்பைக் குலைக்க, பெப்சின் அதைத் துண்டாக்குகிறது. சிறுகுடலில் அமினோ அமிலங்களாகப் பிரிந்து உறிஞ்சப்படுகிறது. கெராங் சிப்பியின் இரத்தம் மனித இரத்தம்போல் ஹீமோகுளோபினால் சிவந்தது. சிப்பி இனத்தில் இது அரிது. ஹீமோகுளோபினிலுள்ள இரும்பைச் சிறுகுடலின் முதல் பகுதி ஏற்கிறது. அரைவேக்காட்டில் தின்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: இரைப்பை அமிலம் பல கிருமிகளைக் கொல்லும், எல்லாவற்றையும் அல்ல. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ அதில் தப்பிவிடும்.

ஜெராமிலிருந்து காப்பார் வரை செம்பனை. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில் 1917இல் ஹென்றி பொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்ட தென்னமரம் தோட்டம்; செம்பனைக்குத் தென்னையின் பெயர் வாய்த்தது ஒரு வேடிக்கை. எண்ணெய் நீரில் கரையாது; ஆகவே கல்லீரல் சுரக்கும் பித்தம் அதை நுண்துளிகளாக உடைத்தால்தான் லிப்பேஸ் நொதி வேலை செய்ய முடியும். செரித்த கொழுப்பின் பெரும்பகுதி நேரே இரத்தத்துக்குப் போகாமல் நிணநீர் வழியே சுற்றிச் செல்கிறது. பிழிந்தவுடன் செம்பனை எண்ணெய் செக்கச் சிவந்திருக்கும். அந்த நிறம் கரோட்டின். உடல் அதை ஏ வைட்டமினாக்கும். சுத்திகரித்து வெளுக்கும்போது அது போய்விடுகிறது. இந்தச் சாலையின் இரண்டு பெரிய விளைச்சலையும் வெளுப்பாக்கித்தான் சந்தை வாங்குகிறது.

மிச்சமுள்ள நாரும் நீரும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலுக்கு வருகின்றன. அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு நார்தான் தீனி. தவிட்டோடு நாரின் பெரும்பகுதியும் போய்விடுவதால், வெள்ளைச் சோற்றில் அவற்றுக்குக் கிடைப்பது கொஞ்சமே.

சாலை கிள்ளானை அடைகிறது. பெரிபெரி இப்போது அரிது. ஆனால் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாக இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். லிட்டில் இந்தியா எனப்படும் தெங்கு கிளானா சாலைக் கடைகளில், இந்தியாவிலிருந்து வரும் புழுங்கல் பொன்னி இன்றும் மூட்டையாக விற்கிறது.