மண்டையோட்டுக்கு முதற்பரிசு

டிசெம்பர் முதலாந் திகதி உலக எயிட்ஸ் தினம். 1988ஆம் ஆண்டு தொடக்கம் அனுட்டிக்கப்பட்டு வரும் அத்தினத்தை முன்னிட்டு, ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலையில் ஒரு சுவரொட்டிப் போட்டி வைத்தோம். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் வரையில் படம் கீறித் தந்தார்கள். நடுவர்களுள் நானும் ஒருவன். நாற்பதில் முப்பதுக்கு மேற்பட்டவை ஒரே படந்தான்: ஒரு மண்டையோடு, அதன் கண்குழியிலிருந்து நெளிந்து வரும் பாம்பு, அடியிலே இரத்தம் சொட்டும் எழுத்துகள். சிலவற்றில் பாம்புக்குப் பெண்ணின் முகமும் விரித்த கூந்தலும் இருந்தன. முதற்பரிசு பெற்ற படத்தின் கீழே எதுகையும் மோனையும் பொருந்திய ஒரு வாசகம். அதில் ஒரு சந்திப்பிழை இருந்தது. தமிழாசிரியன் என்ற கடமையுணர்ச்சியோடு ஒற்றெழுத்தைச் சேர்த்துத் திருத்தினேன். அதனினும் பெரிய பிழை படத்திலேயே இருந்தது. அது என் கண்ணிற் படவில்லை. அந்தப் படம் மண்டபத்து வாயிலில் இரண்டு ஆண்டுகள் தொங்கியது.

பெரியகல்லாறு, கிழக்கே கடலுக்கும் மேற்கே வாவிக்கும் இடையிற் கிடக்கும் ஒடுங்கிய ஊர். வேலிக்கு இப்பால் இருமினால் வேலிக்கு அப்பாலிருந்து மருந்து சொல்வார்கள், அவ்வளவு நெருக்கம். துன்பம் வந்தால் இந்த நெருக்கமே துணை. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்து போன பின் ஊரை நிமிர்த்தியது அதுவே. ஆனால், ஒருவன் தன்னந்தனியே சுமக்கும் இரகசியத்துக்கு இதே நெருக்கம் பகையாகிவிடுகிறது.

ஒரு நாள் மாலை என் பழைய மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். மத்திய கிழக்கிற் சில காலம் உழைத்துத் திரும்பியவன். அடையாளந் தெரியாதிருக்கும் பொருட்டு அவனைப் பற்றிய சிலவற்றை மாற்றியே எழுதுகிறேன். மழையைப் பற்றிப் பேசினான். பரீட்சைப் பெறுபேறுகளைப் பற்றிப் பேசினான். தேநீர் ஆறிப் போயிற்று. கடைசியில் நிலத்தைப் பார்த்தபடி கேட்டான்:

"சேர், ரத்தம் சோதிக்கப் போனா அங்க பேர் கேப்பாங்களோ?"

எனக்கு விடை தெரியவில்லை. எயிட்ஸைப் பற்றிப் போட்டி வைத்து, பரிசு கொடுத்து, மேடையேறிப் பேசியும் இருந்த எனக்கு, எங்கே போவது, என்ன செலவாகும், யார் காதுக்கு எட்டும் என்ற மூன்று சிறிய கேள்விகளுக்கு விடை தெரியவில்லை! பதினொரு மாதங்களாக அவன் அந்த ஐயத்தைச் சுமந்திருந்தான். ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டேன்.

"நாங்க கீறின மண்டையோடுதான் சேர் நித்திரையில வருது. அப்பிடித்தான் முடியப்போகுது எண்டா, தெரிஞ்சு என்னத்துக்கு?"

அன்றைய போட்டியில் அவனும் ஒரு படம் கீறியிருந்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

என் மேசையிலிருந்த நூல்கள் எவையும் அன்று உதவவில்லை. அவன் கையிலிருந்த தொலைபேசியே உதவிற்று. தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் தகவல்களை இருவருமாகத் தேடிப் படித்தோம். அரச வைத்தியசாலைகளில் இதற்கென நிலையங்கள் உள்ளன, கட்டணம் இல்லை, வருபவரின் இரகசியம் காக்கப்படும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் அத்தகைய நிலையம் உண்டு. இரண்டு நாள் கழித்து இருவரும் பஸ் ஏறினோம். களுவாஞ்சிகுடி, ஆரையம்பதி, காத்தான்குடி எல்லாம் கடந்து கல்லடிப் பாலம் வரும் வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

முடிவு என்னவென்று வாசகர் கேட்கக்கூடும். அதை நான் எழுதப் போவதில்லை. அது அவன் குருதி, அவன் செய்தி. அறிந்து திரும்பிய மனிதன், அறியாமற் போன மனிதனைவிட நிமிர்ந்து நடந்தான் என்பதை மட்டும் சொல்வேன்.

அதன் பிறகுதான் எங்கள் மண்டையோட்டை நான் பார்க்கத் தொடங்கினேன். அது சொன்னது என்ன? இந்நோய் வந்தவன் செத்தவன் என்றது. விஞ்ஞானம் சொல்வது வேறு. எச்.ஐ.வி. ஒரு வைரசு. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள குருதி, பலர் பயன்படுத்தும் ஊசி, தாயிடமிருந்து சேய் என்ற வழிகளில் அது பரவும். நுளம்பினால் பரவாது, ஒரே கோப்பையிற் சோறுண்பதாலும் பரவாது. 1996ஆம் ஆண்டளவில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை, மரணத் தீர்ப்பாயிருந்த நோயை வாழ்நாள் முழுதும் கட்டுப்படுத்தி வைக்கக்கூடிய நோயாக மாற்றிவிட்டது. மருந்தை ஒழுங்காக உண்டு, குருதியில் வைரசின் அளவு பரிசோதனைக்குப் புலப்படாத நிலையை எய்தியவர், உடலுறவின் மூலம் பிறருக்கு அதைக் கடத்துவதில்லை. ஆபத்தான தொடர்பு நிகழ்ந்து 72 மணித்தியாலங்களுக்குள் மருந்து தொடங்கினால் தொற்றையே தடுக்க இடமுண்டு. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. இவற்றுள் ஒன்றையேனும் நாங்கள் சுவரில் ஒட்டவில்லை.

படம் பொய் சொன்னதோடு நில்லாது, மனிதரைப் பிரித்தும் வைத்தது. 2016ஆம் ஆண்டு குளியாப்பிட்டியில் நடந்ததை ஆசிரியர்களாகிய நாம் மறக்கலாகாது. தந்தை எயிட்ஸினால் இறந்தார் என்ற ஊர்ப்பேச்சினால், ஆறு வயதுச் சிறுவன் ஒருவனோடு தம் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருக்கக்கூடாது என்று பெற்றோர் எதிர்த்து நின்றார்கள். அவனுக்குத் தொற்று இல்லை என்று பரிசோதனை காட்டிய பின்னரும் எதிர்ப்புத் தணியவில்லை. ஈற்றில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனை ஏற்றுக்கொண்டது. அந்தப் பெற்றோர் கொடியவர்களா? அல்லர். அவர்கள் படித்த காலத்திலும் ஏதோ ஒரு சுவரில் ஒரு மண்டையோடு தொங்கியிருக்கும்.

இந்த அச்சத்துக்குப் பொருளாதார வேரும் உண்டு. வளைகுடா நாடுகளுக்கு உழைக்கப் போகும் நம் ஆண்களும் பெண்களும் குருதிப் பரிசோதனைக்கு உட்பட்ட பின்பே போக முடிகிறது. கிருமி இருப்பதாகத் தெரிந்தால் வேலை இல்லை. போன இடத்திலே தெரிந்தால் திருப்பி அனுப்பப்படுவார்கள். உழைப்பை வாங்கும் அந்தச் சந்தை, உழைப்பாளியின் குருதியைச் சோதிப்பது அவனைக் காப்பதற்கன்று, கழிப்பதற்கே. ஆகவே, பரிசோதனை என்ற சொல் எங்கள் ஊர் இளைஞன் காதில் தண்டனை என்றே விழுகிறது. ஆணோடு ஆண் கொள்ளும் உறவைக் குடியேற்ற ஆட்சிக் காலத்திலிருந்தே குற்றமாக வைத்த சட்டம் இன்னொரு சாராரின் வாயை அடைத்தது. அதனை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு மாறானதன்று என உயர் நீதிமன்றம் தீர்மானித்ததே 2023ஆம் ஆண்டிற்றான். இத்தனை அச்சங்களின் மேல் நாமும் ஓர் எலும்புக்கூட்டை ஏற்றி வைப்பதா?

அச்சத்தைத் தீட்டியவர்கள் நாங்கள் மட்டுமல்லர். 1987ஆம் ஆண்டு அவுஸ்திரேலியத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வந்தது. கறுப்பு அங்கியணிந்த மரண உருவம் ஒன்று பந்தை உருட்டி, ஆண், பெண், குழந்தை என நிற்போரையெல்லாம் சாய்க்கும். நாடே நடுங்கியது. ஆனால், அந்த மரண உருவத்தை நோயாகக் காணாது நோயுற்றோராகவே பலர் கண்டனர் என்ற குறை பின்னர் எழுந்தது. 1991ஆம் ஆண்டு நியூயோர்க் நகரக் கலைஞர் சிலர் வேறு வழி கண்டார்கள். ஒரு துண்டுச் சிவப்பு நாடாவை மடித்து நெஞ்சிலே குத்தினார்கள். அதற்கு உரிமை கோராது உலகத்துக்கே விட்டுவிட்டார்கள். "நான் உன் பக்கம் நிற்கிறேன்" என்பதே அதன் பொருள். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டளவில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற கேள்வி சுவரெங்கும் எழுந்தது. அச்சுறுத்தாது கேள்வி கேட்ட அந்தச் சுவரொட்டி, வாய்திறவாத பொருளைத் தேநீர்க்கடை வரைக்கும் கொண்டுவந்தது. ஆயினும், அப்பெயர் பிறரைக் கேலி செய்யும் பெயராகவும் மாறிற்று. சுட்டுவிரல் ஒரு மனிதனை நோக்கி நீண்டால் பார்ப்பவன் தப்பித்துக்கொள்கிறான்.

எங்கள் பழைய மாணவி ஒருத்தி கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக்கலை பயின்றுகொண்டிருந்தாள். அடுத்த ஆண்டு அவளை அழைத்துப் பிள்ளைகளோடு பேசச் செய்தேன். பழைய முதற்பரிசுப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்:

"பாக்கிற ஆளுக்கே அந்த வருத்தம் இருக்கலாம் எண்டு நினைச்சுக் கீறுங்க."

பன்னிரண்டு ஆண்டு ஆசிரியத் தொழிலில் இத்தகைய பாடத்தை நான் கற்பித்ததில்லை.

முதலில் ஒரு வெறும் பிஸ்கட் பேணியை வகுப்பில் வைத்தோம். பெயரெழுதாமற் கேள்வியை எழுதிப் போடலாம். சலூன் கத்தியால் வருமா? வந்தவர் கலியாணம் முடிக்கலாமா? ஆணுறை வாங்கும்போது கடைக்காரர் வீட்டுக்குச் சொல்லிவிட்டால்? போதனா வைத்தியசாலையில் எந்தக் கதவு? பேணி நிறைந்தது. அதன் பின்பே படம் கீறத் தொடங்கினார்கள், இம்முறை கைத்தொலைபேசிக்காக.

அவர்கள் கண்டுபிடித்தவை எனக்குத் தோன்றியிரா. எங்கள் ஊர் வீடுகள் பலவற்றில் ஒரே தொலைபேசியைத் தாயும் அண்ணனும் தங்கையும் எடுப்பார்கள். ஆதலால், முதற் படத்தில் நோயின் பெயர் இருக்கலாகாது என்றார்கள். டேட்டாக் காசு குறைவாயிருக்கச் சிறிய படங்கள் போதும் என்றார்கள். பேசுவது யார் என்று விவாதம் எழுந்தது. வெள்ளை அங்கி வைத்தியர் வேண்டாம். கூத்திலே அரசன் வருமுன் அவன் வரவை உரைக்கும் கட்டியகாரன் பேசட்டும் என்று தீர்மானித்தார்கள். தடியும் தலைப்பாகையுமாக அவன் வந்து ஊர்ப்பேச்சில் ஒரு கேள்வி கேட்பான். இரண்டாம் படத்தில் விடை. மூன்றாம் படத்தில் வழி: எந்த பஸ், எந்த வாசல், என்ன கொண்டுபோக வேண்டும். விடைகளைச் சுகாதாரத் துறையினர் ஒருவரிடம் காட்டித் திருத்தினோம். சிவப்பு மையை விலக்கி வாவியின் நீலத்தைத் தீட்டினார்கள். அவை வட்ஸ்அப்பில் கைக்குக் கை சென்றன.

வெட்கத்துக்கு இடங்கொடுத்து அறிவைப் புகட்டுவது உலகம் கண்ட வழியே என்பதைப் பின்னர் அறிந்தேன். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பியா சோர்க்கார் என்னும் பெண்மணி நடத்திய ஆய்விலிருந்து 2009ஆம் ஆண்டு 'டீச்எயிட்ஸ்' என்ற நிறுவனம் பிறந்தது. 2007ஆம் ஆண்டு இந்திய மாநிலங்கள் பல பாடசாலைகளிற் பாலியற் கல்வியைத் தடுத்திருந்தன. அத்தகைய சூழலிலும் பிள்ளைகளும் ஆசிரியரும் கூச்சமின்றிப் பார்க்கத்தக்க கேலிச்சித்திரப் பாடங்களை அது உருவாக்கிற்று. நிழற்படம் நாணச் செய்யும் இடத்தில் கோட்டுருவம் கற்பிக்கிறது.

எதிர்ப்பு வராமலில்லை. தந்தையொருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். "புள்ளையளுக்கு இதெல்லாம் என்னத்துக்கு சேர்? கெட்டுப்போகுங்கள்" என்றார். அமரச் செய்து படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் முழுதும் உடன்பட்டார் என்று சொல்லமாட்டேன், மகனை மறித்தாரில்லை.

எங்கள் படங்களால் எத்தனை பேர் பரிசோதனைக்குப் போனார்கள் என்று கேட்டால் என்னிடம் கணக்கில்லை. நான் கணக்கு வைக்கவும் கூடாது. தொலைபேசி எல்லாவற்றையும் செய்துவிடும் என்றும் நம்பவில்லை. பொய்யும் வதந்தியும் அதே வழியால்தான் வருகின்றன. வேலையற்ற இளைஞனுக்கு வேலையையும், திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணுக்கு நீதியையும் எந்தப் படமும் தராது. அதற்கான போராட்டம் வேறு. ஆனால், நள்ளிரவில் எவரிடமும் கேட்க இயலாதவன் கையில் ஒரு சரியான விடையைச் சேர்ப்பது நம்மால் இயலும். அது ஆசிரியரின் தொழில். ஊதியத்துக்கு அப்பாற்பட்ட கடமையுமாகும்.

பழைய முதற்பரிசுப் படம் இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. நான் சேர்த்த ஒற்றெழுத்து இன்னும் மங்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிய வகுப்பின் முன் அதை விரித்து வைத்து, அந்த மாணவியின் வார்த்தையைக் கேள்வியாகக் கேட்கிறேன்: இதைப் பார்ப்பவருக்கே அந்த வருத்தம் இருந்தால்? வகுப்பு சற்று நேரம் பேசாதிருக்கும். பிறகு யாராவது ஒரு பிள்ளை தாளை எடுக்கும்.