மணல் மண்ணில் மலரும் பூச்சாடிகள்

கொழும்பிலிருந்து சிலாபம் வழியாக வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீற்றர் சென்றால் புத்தளம். நகருக்குச் சற்று முன்னே, பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்புவது கற்பிட்டி வீதி. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவே ஒடுங்கிய மணல் நிலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கு மழை மிகக் குறைவு. தென்மேற்குக் காற்று ஓயாமல் வீசும். பாலாவி உப்பளங்களில் உப்பு விளைவதற்கு இந்த வெயிலும் காற்றும்தான் துணை.

ஆனால் இதே நாட்களில்தான் நுரைச்சோலை, ஆலங்குடா, எத்தாலை என ஊர் ஊராக வாசல்களில் பூக்கள் சிரிக்கின்றன! பால்மா டின், உடைந்த வாளி, பெயின்ட் வாளி, மீன் ஏற்றி வந்த ரெஜிபோம் பெட்டி எல்லாமே இங்கு பூச்சாடிகள். இது வெறும் அழகுக்காக மட்டுமா? இல்லை, இந்த மண்ணுக்கு ஏற்ற புத்திசாலித்தனமும் இதில் இருக்கிறது.

மணலும் கிணறும்

கற்பிட்டி மணலில் ஊற்றும் தண்ணீர் நிற்பதில்லை. நேரே கீழே இறங்கிவிடும். அதோடு நாம் இட்ட உரமும் இறங்கும். கீழே இருப்பதோ உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படை. அதுதான் எமது கிணற்று நீர். வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களுக்கு அளவுக்கு மீறி இடப்படும் உரத்தினால் இப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அளவு மீறினால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறையும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது.

ஆகவே, பூவுக்காக மணலில் உரத்தைக் கொட்டுவது எமது பிள்ளையின் தண்ணீர்க் குவளையில் கொட்டுவதற்குச் சமம். சாடியிலோ தண்ணீரும் உரமும் எமது கைக்கு அடங்கியிருக்கும். கொஞ்சம் கூட்டெரு, கொஞ்சம் தென்னந்தும்புத் தூள், மண் ஆகியவை போதும். கரையோரத்துத் தும்புத்தூளில் உப்பு இருக்கக்கூடும். இரண்டு மூன்று முறை நன்னீரில் அலசிய பின்பே பயன்படுத்துங்கள். சாடியின் அடியில் ஒரு துண்டுப் பொச்சுமட்டை வைத்தால் ஈரம் நீடிக்கும்.

வெயிலை விரும்பும் பூக்கள்

பத்துமணிப் பூ தன் தடித்த இலைகளில் தண்ணீரைச் சேமித்துக்கொள்ளும். வெயில் ஏறினால் விரியும், பின்னேரம் சுருங்கும். ஒரு சிறு தண்டைக் கிள்ளி நட்டால் போதும், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். நித்தியகல்யாணி மடகஸ்காரிலிருந்து வந்தது. சிறுவர்களின் இரத்தப் புற்றுநோய்க்கான மருந்தொன்று இதிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆனாலும் இது நச்சுச் செடி. வீட்டு வைத்தியமாக உட்கொள்ளக் கூடாது. அடினியத்தின் பாலும் நஞ்சே. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

போகன்வில்லாவின் குணம் விசித்திரமானது. தண்ணீர் கூடினால் இலையாகவே தழைக்கும். மண் சற்றுக் காய்ந்தால்தான் நிறைந்து பூக்கும். நாம் பூவென்று பார்க்கும் நிறமெல்லாம் உண்மையில் பூவடி இலைகள். நடுவிலுள்ள சிறிய வெள்ளைக் குழலே பூ.

வீட்டுக்குள் வைப்பவற்றில் அந்தூரியம் ஈரக் காற்றை விரும்புவது. மாரவில, வென்னப்புவ பக்கம் செழிக்கும் அது கற்பிட்டிக் காற்றில் வாடும். வைப்பவர்கள் காற்றுப் படாத நிழலில் வைக்கட்டும். இலை நுனி கருகினால் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கலாம். சாடி மண்ணின் மேல் வெள்ளைப் படலம் படிவதும் அதன் அறிகுறியே. அப்போது மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது?

குடிநீரைக் காசு கொடுத்து வாங்கும் வீடுகள் இங்கு உண்டு. அந்தத் தண்ணீரைப் பூவுக்கு ஊற்ற மனம் வருமா? தேவையுமில்லை. அரிசி, மரக்கறி, மீன் கழுவிய தண்ணீரே போதும். கருவாடு ஊறவைத்த தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். அது உப்பு. காற்று வீசும் பக்கத்தை விட்டு, சுவர் மறைவில் சாடிகளை நெருக்கி வைத்தால் ஈரம் விரைவில் காயாது.

இன்னொன்று, சகோதரிகளே! சாடித் தட்டில் தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும். 2017ஆம் ஆண்டில் மட்டும் எமது நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். வாரம் ஒரு முறை தட்டைக் கவிழ்த்து, விளிம்பைத் தேய்த்துக் கழுவுங்கள். நுளம்பின் முட்டைகள் அங்கேதான் ஒட்டியிருக்கும்.

நிலமில்லாதவரின் தோட்டம்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75 ஆயிரம் முஸ்லிம்களில் பெரும்பாலானோர் இந்த மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். 2007இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய வீடமைப்புத் திட்டத்தின் பின்னரே பலருக்கு நிலையான வீடு கிடைத்தது. நாளை எங்கே போவோம் என்று தெரியாதவர் மரம் நட முடியுமா? நட்டாலும் அது யார் காணியில்? ஒரு டின்னில் நட்ட செடியோ நட்டவருக்கே சொந்தம். கொட்டில் மாறினாலும் கூடவே வரும்.

மூத்த தலைமுறை விட்டுவந்த முற்றங்களை இன்றும் நினைக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கோ இதுவே ஊர். இரு சாராரும் ஒரே கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். பூவை நேசிக்கும் நாம் அந்தக் கிணற்றையும் நேசிப்போம். உங்கள் வீட்டிலும் தூக்கியெறிய வைத்திருக்கும் டின் ஒன்று இருக்கும்தானே? அடியில் துளையிட்டு, ஒரு பத்துமணித் தண்டை நட்டுப் பாருங்கள்.